பேசிக்கொள்ளாத நாளில் எது இயங்கும்? அண்டை நாடுகளின் கூட்டு நிருவாகம் பற்றி

மடைவாசல் (இழையைத் தொடங்கியவர்)

அண்டை நாடுகள் ஒன்றுகூடிப் பொதுக் காரியங்களை நடத்துவதைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் உச்சி மாநாடுகளையே அளவுகோலாக வைக்கிறோம். எத்தனை தலைவர்கள் வந்தார்கள், கூட்டறிக்கையில் என்ன எழுதினார்கள் என்று பார்த்துவிட்டு, அந்த அமைப்புக்கு உயிர் இருக்கிறது அல்லது இல்லை என்று முடிவுகட்டுகிறோம். பல ஆண்டுகளாக இந்த ஒப்பந்தங்களை வாசித்துவரும் எனக்கு அந்த அளவுகோலில் நம்பிக்கை போய்விட்டது. உறவு சீராக இருக்கும் நாளில் எந்த அமைப்பும் இயங்கும். இரண்டு தலைநகரங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத நாளில் எது இயங்குகிறது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி என்று கருதுகிறேன்.

ஐரோப்பாவின் ரைன் ஆற்றின் கப்பல் போக்குவரத்து ஆணையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1815-ஆம் ஆண்டின் வியன்னா மாநாட்டில் அதற்கு வித்திடப்பட்டது. 1816-இல் மைன்ஸ் நகரில் முதற்கூட்டம் நடந்தது. இன்றும் அது நடைமுறைப்படுத்தும் மன்ஹைம் உடன்படிக்கை 1868-ஆம் ஆண்டுக்குரியது. ரைன் கரைகளில் இருந்த நாடுகள் அதற்குப் பின் மூன்று பெரும் போர்களில் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. ஆனாலும் ஆணையம் அழியவில்லை. அதன் பணி மிகக் குறுகியது: படகுகளின் தகுதி, மாலுமிகளின் சான்றிதழ், சுங்கமின்றிக் கடந்துசெல்லும் உரிமை. ரைன் ஆற்றில் நடந்த ஒரு விபத்து வழக்கில் உள்ளூர்த் தீர்ப்பை ஏற்காத படகோட்டி, தன் நாட்டு மேல்முறையீட்டு மன்றத்துக்குப் பதிலாக ஸ்ட்ராஸ்பூரில் உள்ள ஆணையத்தின் மேல்முறையீட்டு அவைக்கே செல்லலாம். ஒரு தனிமனிதர் போய்த் தட்டக்கூடிய கதவு ஒன்று அங்கே இருக்கிறது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் அமைப்பை இதன் அருகே வைத்துப் பாருங்கள். 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் தொடங்கிய அந்த அமைப்பின் சாசனத்தில் பத்தாவது உறுப்பு இரண்டு விதிகளைச் சொல்கிறது: எல்லா முடிவுகளும் ஒருமனதாக எடுக்கப்படவேண்டும்; இருதரப்புச் சிக்கல்களும் சச்சரவுக்குரியவையும் விவாதத்துக்கு எடுக்கப்படமாட்டா. சச்சரவுகளை வெளியே நிறுத்தினால் மற்றவை அமைதியாக நடக்கும் என்ற நல்லெண்ணத்தில் எழுதப்பட்ட விதி அது. நடந்ததோ வேறு. வெளியே நிறுத்தப்பட்ட சச்சரவு, மாநாட்டையே நடக்கவிடாமல் செய்தது. 2014 நவம்பரில் காட்மாண்டுவில் நடந்த 18-ஆவது மாநாட்டுக்குப் பின், 2016-இல் இஸ்லாமாபாத்தில் கூடவேண்டிய அடுத்த மாநாடு கைவிடப்பட்டது. தலைவர்கள் கூடாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அந்தச் சாசனத்தில் விடை இல்லை.

பேசிக்கொள்ளாத நாளுக்கான விதியை முன்கூட்டியே எழுதிவைத்த ஒப்பந்தங்களே நிலைக்கின்றன என்பது என் வாதம். மாற்றுக் கருத்துடையோர் எழுதவேண்டும் என்று விரும்பியே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எல்லைக்கல்

மடைவாசல் அவர்களுக்கு வணக்கம். தங்கள் கேள்வி சரியானது. தாங்கள் கண்ட விடையில் எனக்கு உடன்பாடில்லை.

பேசிக்கொள்ளாத நாளுக்கான விதியைச் சிந்து நதி நீர் உடன்படிக்கையை விட விரிவாக எழுதிய ஆவணம் அரிது. 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்டார்கள். உலக வங்கி நடுநின்றது. ராவி, பியாஸ், சட்லஜ் ஆகிய கிழக்கு ஆறுகள் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் ஆகிய மேற்கு ஆறுகள் சில வரையறைகளோடு பாகிஸ்தானுக்கு. இரு நாட்டு ஆணையர்களைக் கொண்ட நிரந்தர ஆணையம் ஒன்று. அங்கே தீராத தொழில்நுட்ப வேறுபாட்டுக்கு நடுநிலை வல்லுநர். அதற்கும் அப்பாற்பட்ட தகராறுக்கு நடுவர் மன்றம். ஒவ்வொரு படியும் எழுதப்பட்டிருந்தது. 1965, 1971, 1999 ஆகிய ஆண்டுகளின் போர்களையும் அது தாண்டியது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், அதாவது 23-ஆம் தேதி, இந்தியா அதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அந்த அறிவிப்பின் நியாயத்தைப் பற்றி நான் இங்கே வாதிட வரவில்லை. 65 ஆண்டுகளாக உலகம் முழுவதும் பாடமாகச் சொல்லப்பட்டுவந்த ஓர் உடன்படிக்கை ஒரே நாளின் அரசியல் முடிவால் நின்றது என்பதை மட்டும் சுட்டுகிறேன். விதி எழுதப்பட்டிருந்ததா? எழுதப்பட்டிருந்தது. அது போதுமானதாக இருந்ததா?

தாங்கள் புகழும் ஆணையங்கள் யாவும் அரசியல் உடன்பாட்டின் நிழலில் வளர்ந்தவை. ரைன் ஆணையத்தை 1945-க்குப் பின் தூக்கி நிறுத்தியது படகுச் சான்றிதழ் பற்றிய விதி என்று நான் நம்பவில்லை. 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் முன்வைத்த அறிவிப்பும், அடுத்த ஆண்டு ஆறு நாடுகள் நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது அதிகார அமைப்பின் கீழ் வைத்ததுமே அந்த ஆற்றின் இரு கரைகளையும் இணக்கப்படுத்தின. துணிந்த அரசியல் முன்னே போனது; ஆணையங்கள் அதைப் பின்தொடர்ந்தன.

நெய்தல்

இருவரும் சொல்வது ஆறுகளைப் பற்றியே இருக்கிறது. ஆற்றுக்கு வரப்பு இருக்கிறது. மேலே யார், கீழே யார் என்று தெரியும். காற்றை யார் பிரிப்பது? 1997-இல் தென்கிழக்கு ஆசியாவை மூடிய காட்டுத்தீப் புகைக்குப் பின் ஆசியான் நாடுகள் 2002-இல் எல்லைதாண்டிய புகைமாசு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2003-இல் அது நடைமுறைக்கும் வந்தது. தீ மிகுதியாக எரிந்த இந்தோனேசியா அதை 2014-இல்தான் ஏற்புறுதி செய்தது. நோய் யாருக்கோ அவர் மட்டும் மருந்துச் சீட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் கையெழுத்திடவில்லை. அந்த இடைவெளியில் பொறுமையிழந்த சிங்கப்பூர், புகைக்குக் காரணமான நிறுவனங்கள் எங்கிருந்தாலும் தண்டிக்கத் தானாகவே 2014-இல் ஒரு சட்டம் இயற்றியது. கூட்டு நிருவாகம் தாமதமாகும் இடத்தில் ஒருதலைச் சட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதையும் இந்த விவாதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மடைவாசல்

நண்பர் எல்லைக்கல் எழுப்பிய மறுப்பு என் வாதத்தின் மையத்தில் விழுகிறது. அதைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை.

சிந்து உடன்படிக்கையை நான் வேறு கோணத்தில் பார்க்கிறேன். அது ஆறுகளைப் பகிர்ந்துகொண்ட ஒப்பந்தம் என்று சொல்லப்படுகிறது. உண்மையில் அது ஆறுகளைப் பாகம் பிரித்த ஒப்பந்தம். மூன்று உனக்கு, மூன்று எனக்கு என்று பிரித்தபின், இரு தரப்பும் சேர்ந்து பராமரிக்கவேண்டிய பொதுச் சொத்து எதுவும் மிஞ்சவில்லை. பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பிகள் எந்நேரமும் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்துவதால் இருவருக்கும் ஒரே அளவு இழப்பு நேர்வதில்லை. மேல்மடையில் இருப்பவருக்கு இழப்பு குறைவு.

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றை இதனோடு ஒப்பிடுங்கள். மாலி, மொரிட்டானியா, செனகல் ஆகிய மூன்று நாடுகளும் 1972-இல் அந்த ஆற்றுக்கென ஓர் அமைப்பை நிறுவின. கினி 2006-இல் சேர்ந்தது. 1978-இல் அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையை முதன்முறை வாசித்தபோது நான் எழுந்து நடந்துவிட்டு மீண்டும் வந்து வாசித்தேன். அணை எந்த நாட்டு மண்ணில் நின்றாலும் அது எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பிரிக்கமுடியாத கூட்டுச் சொத்து என்று அது சொல்கிறது. மனந்தலி அணை முழுக்க மாலி மண்ணில் இருக்கிறது. ஆனால் அது மாலியின் அணை இல்லை. அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் மாலிக்கு 52 விழுக்காடு, செனகலுக்கு 33, மொரிட்டானியாவுக்கு 15 என்று பங்கு வகுத்தார்கள். கடல்நீர் ஆற்றுக்குள் ஏறாமல் தடுக்கும் தியாமா அணை கடைமடையில் நிற்கிறது. கடலைப் பார்த்திராத மாலிக்கும் அதில் உடைமை உண்டு.

1989-இல் செனகலுக்கும் மொரிட்டானியாவுக்கும் இடையே கொடிய கலவரம் மூண்டது. உயிர்கள் போயின, பல்லாயிரம் பேர் ஆற்றைக் கடந்து விரட்டப்பட்டார்கள், 1992 வரை தூதரக உறவே இல்லை. அந்த ஆண்டுகளிலும் ஆற்று அமைப்பு கலைக்கப்படவில்லை, அணைகள் பிரிக்கப்படவில்லை. விதி எழுதிவைப்பது மட்டும் போதாது என்று எல்லைக்கல் சொல்வதை ஏற்கிறேன். விதியோடு கூட்டுச் சொத்தும் வேண்டும் என்று என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

மலைச்சாரல்

கூட்டுச் சொத்து இருந்தால் உறவு நிலைக்கும் என்று இவ்வளவு விரைவாக முடிவுசெய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கூட்டுச் சொத்து மிகுதியாக இருந்தும் உடைந்துபோன ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது.

கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்றும் 1967-இல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தை நிறுவின. விடுதலைக்கு முன்பிருந்தே பொதுவாக இருந்த ரயில், துறைமுகம், அஞ்சல், விமான நிறுவனம் எல்லாம் அதன் கீழ் வந்தன. இன்றைக்கும் பெரும்பாலான நாட்டுக் கூட்டமைப்புகள் கனவு காணும் அளவுக்கு அவர்களிடம் கூட்டுச் சொத்து இருந்தது. 1971-இல் உகாண்டாவில் இடி அமீன் ஆட்சியைக் கைப்பற்றினார். அவரோடு ஒரே மேசையில் அமரத் தான்சானியாவின் அதிபர் ஜூலியஸ் நைரேரே மறுத்தார். சமூகத்தின் உச்ச அதிகாரம் மூன்று தலைவர்கள் கூடும் அவையிடம் இருந்ததால், அவர்கள் கூடாதபோது முடிவெடுக்க ஆளில்லாமல் போயிற்று. நன்மைகள் கென்யாவிலேயே குவிகின்றன என்ற மனக்குறை மற்ற இருவருக்கும் ஏற்கெனவே இருந்தது. 1977-இல் எல்லாம் உடைந்தது. ரயில் பெட்டி எந்த நாட்டில் நின்றதோ அந்த நாட்டோடு போயிற்று, எல்லைகள் மூடப்பட்டன. சொத்துகளையும் கடன்களையும் முறையாகப் பிரித்து முடிக்க 1984 வரை ஆயிற்று.

செனகல் ஆற்றில் நிலைத்தது கிழக்கு ஆப்பிரிக்காவில் ஏன் நிலைக்கவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றும் காரணம் மிக எளியது. ரயில் பெட்டியையும் விமானத்தையும் ஒருவர் பிடித்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த நாளும் அது அவருக்குப் பயன்படும். அணையை அப்படிப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தத்தைக் கிழித்தாலும் திறந்துவிட்ட நீர் கீழ்நாட்டுக்குத்தான் ஓடும். அங்கே வாங்க ஆளில்லாவிட்டால் அந்த மின்சாரத்தின் பெரும்பகுதி வீண். ஆகவே கூட்டுச் சொத்தா என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டால் மதிப்பு மிஞ்சுமா என்றும் கேட்கவேண்டும்.

இரண்டாவதாக, காகிதத்தில் சமபங்கு இருந்தாலும் வலிமை சமமாகிவிடாது. பரானா ஆற்றின் இதைப்பு அணையைப் பற்றி 1973-இல் பிரேசிலும் பராகுவேயும் செய்துகொண்ட உடன்படிக்கையில் இருவருக்கும் சரிபாதி. நிறுவுதிறன் 14,000 மெகாவாட். பராகுவே தன் பாதியில் சிறுபகுதியை மட்டுமே பயன்படுத்த முடியும்; மீதியைப் பிரேசிலுக்கு மட்டுமே, நிர்ணயித்த ஈட்டுத்தொகைக்கு, கொடுக்கவேண்டும் என்று உடன்படிக்கை கட்டிவைத்தது. அந்தத் தொகையை மூன்று மடங்காக உயர்த்தப் பராகுவே 2009 வரை போராடவேண்டியிருந்தது. அண்டை நாட்டுக் கூட்டுறவில் சிறிய நாட்டின் குரல் எங்கே கேட்கிறது என்று யாராவது ஆராய்ந்தால், இதைப்புவிலிருந்து தொடங்கலாம்.

கணக்கர்

நான் சுங்கத் துறையில் 27 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன். இங்கே எழுதுகிற நால்வரும் அறிஞர்கள். நான் சாவடியில் நின்றவன். எனவே வேறொன்றைச் சொல்கிறேன்.

தலைவர்கள் பேசிக்கொள்ளாத நாள் ஆண்டுக்குச் சில வரும். அதிகாரிகள் பேசிக்கொள்ளாத நாளோ தினமும் வரும். ஒரு சரக்கு லாரி எல்லைக்கு வருகிறது. இந்தப் பக்கத்தில் ஒருமுறை கட்டவிழ்த்துச் சோதிக்கிறார்கள், முத்திரை வைக்கிறார்கள். இருநூறு மீட்டர் தள்ளி அந்தப் பக்கத்தில் அதே முத்திரையை உடைத்து, அதே மூட்டைகளை இறக்கி மீண்டும் சோதிக்கிறார்கள். இருவரும் எழுதும் தகவல் ஒன்றே; படிவம் வேறு. என் பணிக்காலத்தில் அழுகும் சரக்கோடு நின்ற ஓட்டுநர்களின் முகங்களை நான் மறக்கவில்லை. அவர்களைப் போகவிட எனக்கு மனம் இருந்தது, அதிகாரம் இல்லை.

சாம்பியாவும் சிம்பாப்வேயும் 2009-இல் சாம்பெசி ஆற்றங்கரையில் உள்ள சிருந்துவில் ஒரே இடத்துச் சோதனைச் சாவடியைத் திறந்தன. ஒரு திசையில் செல்லும் வண்டி ஒரு பக்கத்தில் மட்டுமே நிற்கும். இரு நாட்டு அதிகாரிகளும் அங்கேயே அடுத்தடுத்துச் சோதிப்பார்கள். கேட்பதற்குக் கட்டடம் கட்டும் வேலை போலத் தோன்றும். கடினமான பகுதி கட்டடத்தில் இல்லை. ஒரு நாட்டின் அதிகாரி அடுத்த நாட்டின் மண்ணில் நின்றுகொண்டு தன் நாட்டுச் சட்டப்படி ஒருவரைத் தடுக்கலாமா, அபராதம் விதிக்கலாமா, பணம் வாங்கி எடுத்துவரலாமா, அங்கே அவர் தவறு செய்தால் எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்பன போன்ற கேள்விகளுக்கு விடை எழுதாமல் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த முடியாது. அதற்காக இரு நாட்டிலும் தனிச்சட்டம் தேவைப்பட்டது. தங்கள் இறையாண்மையில் இருநூறு மீட்டரை ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்தார்கள் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

உச்சி மாநாட்டில் சுங்க வரியைக் குறைப்பதாக அறிவிப்பது எளிது. சாவடியில் நிற்கும் இளநிலை அதிகாரிக்கு, எதிர்ப்பக்கத்து அதிகாரியின் சோதனைச் சான்றை நம்பலாம் என்று எழுத்தில் அனுமதி தருவதே கடினம். தவறு நேர்ந்தால் அவருடைய வேலை போகும் என்னும்போது அவர் நம்பமாட்டார், நானும் நம்பியிருக்கமாட்டேன். அனுமதி இல்லாத நம்பிக்கை கீழ்நிலை ஊழியரின் தலையில் வைக்கும் சுமை.

எல்லைக்கல்

கணக்கர் ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். முதற்பதிவில் நான் அரசியல் முன்னே போகிறது, ஆணையம் பின்னே போகிறது என்று எழுதினேன். இடையில் இருக்கும் இந்த மூன்றாவது தளத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அதே தளத்தில் இன்னொரு சான்றும் நினைவுக்கு வருகிறது. பிரெனீஸ் மலையில் செர்தான்யா என்றொரு மேட்டுச் சமவெளி. 1659-ஆம் ஆண்டின் உடன்படிக்கை அதன் நடுவே கோடு கிழித்து ஒரு பாதியைப் பிரான்ஸுக்கும் மறு பாதியை ஸ்பெயினுக்கும் கொடுத்தது. பிரெஞ்சுப் பக்கத்தில் இருப்பவர் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல மலைப்பாதையில் நெடுந்தொலைவு இறங்கவேண்டும். பனிக்காலத்தில் அதுவும் உறுதியில்லை. இரண்டு பக்கமும் தனித்தனியாக மருத்துவமனை கட்டும் அளவுக்கு மக்கள்தொகை இல்லை. ஸ்பெயின் பக்கத்துப் புய்செர்தாவில் இருதரப்பும் சேர்ந்து ஒரே மருத்துவமனையைக் கட்டி 2014-இல் திறந்தார்கள். செலவில் ஸ்பெயினின் தன்னாட்சிப் பகுதியான காத்தலோனியா 60 விழுக்காடு, பிரான்ஸ் 40 விழுக்காடு. அதை நடத்துவது தூதரகமோ வெளியுறவு அமைச்சகமோ இல்லை. எல்லையின் இரு பக்கத்து அரசமைப்புகளும் சேர்ந்து ஒரே சட்ட ஆளுமையாகப் பதிவுசெய்துகொள்ள ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் ஒரு சட்டவடிவத்தை உருவாக்கியது. அந்த வடிவத்தில் அமைந்த நிறுவனமே மருத்துவமனையை நடத்துகிறது. ஒரு செவிலியரின் பட்டத்தை எந்த நாடு ஏற்கவேண்டும், எந்தக் காப்பீடு கட்டணம் செலுத்தும், எல்லைக்கு அப்பால் பிறந்த குழந்தையை எங்கே பதிவுசெய்வது என்று ஒவ்வொன்றாக அவிழ்க்கவேண்டியிருந்தது. கணக்கர் ஐயா சொன்ன இரவல் இங்கேயும் நடந்திருக்கிறது.

இருந்தாலும் என் அச்சம் முழுதும் நீங்கவில்லை. இத்தாலியின் கொரிட்சியாவுக்கும் ஸ்லோவேனியாவின் நோவா கொரிட்சாவுக்கும் நடுவே ஒரு பொதுச் சதுக்கம் உண்டு. ஸ்லோவேனியா ஒன்றியத்தில் சேர்ந்த 2004-இல் அங்கிருந்த வேலி அகற்றப்பட்டது. இரு நகரங்களும் மேலே சொன்ன அதே சட்டவடிவத்தில் ஒரு கூட்டு அமைப்பையும் நிறுவியிருந்தன. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது அந்தச் சதுக்கத்தின் நடுவே மீண்டும் கம்பி வேலி நின்றது. குடும்பங்கள் வேலியின் இரு பக்கமும் நின்று பேசிக்கொண்டன. அந்த வேலியை நிறுத்தும் முடிவை அந்த நகரங்கள் எடுக்கவில்லை.

நெய்தல்

எல்லைப்புற மக்களிடம் முடிவைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று இதிலிருந்து ஒரு கருத்து பிறக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். 2011-இல் தீஸ்தா நதிநீர்ப் பங்கீட்டுக்கு இந்தியாவும் வங்கதேசமும் ஒப்பந்த வரைவோடு தயாராக இருந்தன. மேற்கு வங்க மாநில அரசு ஏற்காததால் கையெழுத்தாகவில்லை. எல்லைக்கு அருகில் இருப்பவர்களுக்கு உறவும் அதிகம், இழப்பும் அதிகம். அவர்களைக் கேட்காமல் செய்யும் ஒப்பந்தம் நிலைக்காது. அவர்களை மட்டும் கேட்டால் சில வேளை ஒப்பந்தமே பிறக்காது. இதற்கு எளிய விடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மலைச்சாரல்

பணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் ரைன் ஆற்றுக்கே திரும்புகிறேன். பிரான்ஸின் அல்சாஸ் பகுதிப் பொட்டாஷ் சுரங்கங்கள் கழிவு உப்பை ஆற்றில் விட்டன. கடைமடையில் இருந்த நெதர்லாந்தின் பயிருக்கும் குடிநீருக்கும் அது கேடு. 1976-இல் ஒரு உடன்படிக்கை கையெழுத்தானது. உப்பைக் குறைக்கும் செலவில் பிரான்ஸுக்கு 30 விழுக்காடு, ஜெர்மனிக்கு 30, சுவிட்சர்லாந்துக்கு 6, நெதர்லாந்துக்கு 34. பாதிக்கப்பட்டவரே எல்லோரையும் விட அதிகமாகக் கொடுக்க ஒப்புக்கொண்டார். மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற அறநெறிக்கு இது நேர் எதிர். எனினும் நெதர்லாந்து, நியாயம் கிடைக்கும்வரை உப்பு நீரைக் குடித்துக்கொண்டிருக்க முடியாது என்று முடிவுசெய்தது. அப்படிக் கொடுத்தும் அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வர 1985 ஆயிற்று.

மறு ஆண்டே, 1986 நவம்பர் 1 அன்று, பாசல் அருகே ஓர் இரசாயனக் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. தீயணைத்த நீரோடு பூச்சிக்கொல்லிகள் ஆற்றில் கலந்து, நீர் சிவந்து, விலாங்கு மீன்கள் பெருந்தொகையாகச் செத்து மிதந்தன. அடுத்த ஆண்டு கரை நாடுகளின் அமைச்சர்கள் ரைன் செயல்திட்டத்தை ஏற்றார்கள். 2000-ஆம் ஆண்டுக்குள் சால்மன் மீன் திரும்பவேண்டும் என்பது அதன் குறிக்கோள்களில் ஒன்று. அது சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை இல்லை. அரசியல் வாக்குறுதி மட்டுமே. ஆனால் ஒன்பது ஆண்டுகள் இழுபட்ட சட்டபூர்வ உடன்படிக்கையால் முடியாத அளவுக்கு அந்த வாக்குறுதி ஆற்றைத் தூய்மையாக்கியது. இலக்கை எல்லோரும் புரிந்துகொள்ளும் ஒரு மீனாக வைத்ததும், ஆற்றைக் கண்காணிக்க 1950-லிருந்தே ஒரு கூட்டு ஆணையம் அளவெடுத்துக்கொண்டிருந்ததும் அதற்குக் கைகொடுத்தன என்று நினைக்கிறேன். பேரிடர் வந்தபோது இவர்கள் புதிதாக அறிமுகம் செய்துகொள்ளவேண்டியிருக்கவில்லை.

மடைவாசல்

எல்லோருக்கும் நன்றி. என் முதற்பதிவை இன்று எழுதினால் வேறு மாதிரி எழுதுவேன்.

பேசிக்கொள்ளாத நாளுக்கான விதி வேண்டும் என்பதை இன்னும் விடவில்லை. ஆனால் அந்த விதி எங்கே எழுதப்படவேண்டும் என்பதில் என் எண்ணம் மாறியிருக்கிறது. நடுவர் மன்றத்தைப் பற்றிய உறுப்பில் மட்டும் அதை எழுதிவிட்டு இருந்தால் போதாது. அளவெடுக்கும் பொறியாளருக்கும், சாவடியில் நிற்கும் அதிகாரிக்கும், மருத்துவமனையின் பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவருக்கும், மேலிருந்து புதிய ஆணை வராவிட்டால் நேற்றுச் செய்ததையே இன்றும் செய்யலாம் என்ற அதிகாரம் இருக்கவேண்டும். கனடாவும் அமெரிக்காவும் 1909-ஆம் ஆண்டின் எல்லை நீர் உடன்படிக்கையால் அமைத்த கூட்டு ஆணையத்தில் பக்கத்துக்கு மூவராக ஆறு ஆணையர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தத்தம் அரசின் கட்டளைப்படி வாக்களிக்கும் பேராளர்களாக இல்லாமல் ஒரே அவையாக முடிவெடுக்கவேண்டும் என்பது அங்கே மரபு. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்கத்தில் அவர்கள் நாடு பார்த்துப் பிளவுபட்டது மிக அரிது.

இப்போது ஒரு நடைமுறைக் கேள்விக்கு வருகிறேன். 1996 டிசம்பர் 12 அன்று இந்தியாவும் வங்கதேசமும் கையெழுத்திட்ட கங்கை நீர்ப் பங்கீட்டு உடன்படிக்கை 30 ஆண்டுகளுக்கானது. அதன் காலவரம்பு 2026 டிசம்பரில் முடிகிறது. ஜனவரி முதல் மே வரையிலான வறண்ட மாதங்களில் பத்து நாளுக்கு ஒருமுறை இந்தியப் பக்கத்து ஃபராக்கா தடுப்பணையில் உள்ள நீரை அது பங்கிடுகிறது. வினாடிக்கு 70,000 கனஅடியோ அதற்குக் குறைவோ இருந்தால் சரிபாதி. 50,000 கனஅடிக்குக் கீழே போனால் என்ன செய்வது? இரு அரசுகளும் உடனடியாகக் கலந்து பேசும் என்பதே விடை. 1977-ஆம் ஆண்டின் பழைய ஒப்பந்தத்தில், நீர் மிகக் குறைந்தாலும் வங்கதேசத்துக்கு அதன் அட்டவணைப் பங்கில் 80 விழுக்காடு உறுதி என்ற விதி இருந்தது. 1996-இல் அது இல்லை. நீர் மிகக் குறையும் நாளும் இரு தரப்பும் பேச மனமில்லாத நாளும் ஒன்றாகவே வந்தால் அந்த உறுப்பு என்ன செய்யும்?

கணக்கர்

மடைவாசல் ஐயா, அந்தக் கேள்விக்கு என் துறை அறிவை வைத்து ஒரு விடை சொல்கிறேன். அந்த உடன்படிக்கையின்படி இரு நாட்டுப் பொறியாளர்களும் அடங்கிய கூட்டுக் குழு ஒன்று ஃபராக்காவிலும் வங்கதேசத்தின் ஹார்டிஞ்ச் பாலத்திலும் நீரை அளக்கிறது. அதிகாரம் ஏற்கெனவே ஆற்றங்கரையில் நிற்கிறது. கையில் அளவுகோல் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். புதுப்பிக்கும்போது, 50,000 கனஅடிக்குக் கீழே இறங்கினால் பேச்சுவார்த்தை முடியும்வரை கடைசியாக நடைமுறையில் இருந்த விகிதத்திலேயே கதவுகளை இயக்கலாம் என்ற ஒரே ஒரு வரியை அந்தக் குழுவுக்கு எழுதிக்கொடுத்தால், தலைநகரங்கள் எத்தனை நாள் எடுத்துக்கொண்டாலும் கடைமடை உழவர் காத்திருக்கவேண்டியதில்லை. அன்றாட அளவை அன்றே பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டும். இரண்டுக்கும் புதிய அமைப்பு தேவையில்லை, புதிய செலவு தேவையில்லை.

எல்லைக்கல்

அந்த வரியை மேல்மடை அரசு ஏற்குமா என்பதே என் கேள்வி. ஏற்கவைக்க, பதிலுக்குக் கடைமடை நாடு எதைக் கொடுக்கலாம் என்று யோசிக்கத் தொடங்குகிறேன். 2024 அக்டோபரில் நேபாளம், இந்தியா, வங்கதேசம் மூன்றும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி நேபாளத்தின் 40 மெகாவாட் நீர்மின்சாரம் இந்தியக் கம்பிகள் வழியாக வங்கதேசத்துக்குப் போகிறது. அளவு சிறிது. நீரைத் தனியாகவும் மின்சாரத்தைத் தனியாகவும் சரக்கு வழித்தடத்தைத் தனியாகவும் பேசாமல் மூன்றையும் ஒரே மேசையில் வைத்தால், ஒருவர் மேல்மடையாக இருக்கும் இடத்தில் இன்னொருவர் வாசலாக இருப்பார். இதைப்பற்றி விவரம் தெரிந்தவர்கள், குறிப்பாக மின்பாதைக் கட்டணம் எப்படி வகுக்கப்படுகிறது என்பதை அறிந்தவர்கள், தொடர்ந்து எழுதவேண்டுகிறேன்.